திருட்டு வண்டியை அறியாமல் வாங்கியவருக்குச் சட்டம் காட்டும் வழி

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் மோட்டார் சைக்கிள் இன்று உழவுக் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. வேப்பந்தட்டைப் பக்கத்தில் பருத்தி எடுக்கும் ஆட்களுக்குச் சோறு கொண்டு போவதும், செட்டிகுளத்தில் வெங்காய மூட்டையைப் பின்னிருக்கையில் கட்டி எடுத்துச் செல்வதும், ஆண்டிமடத்து முந்திரித் தோப்புக்கு விடியுமுன் போய் வருவதும் அந்த வண்டியைக் கொண்டே நடைபெறுகின்றன. புதிய வண்டி வாங்க எல்லோராலும் இயலுவதில்லை. ஆகவே, மக்காச்சோளம் விற்றுக் கையில் சிறிது பணம் புழங்கும் நாட்களில், ஒருவர் ஓட்டிய பழைய வண்டியைத் தேடி வாங்குவோர் பலர். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுத்துச் செல்கிறது. அரியலூரிலோ சிமெண்டு ஆலைகளுக்காகப் பல ஊர் லாரிகள் இரவும் பகலும் வந்து போகின்றன. வெளியூர் வண்டி ஒன்று நம் ஊரில் விலைக்கு வந்து நிற்பது யாருக்கும் வியப்பாகத் தோன்றுவதில்லை.

குன்னம் வட்டத்துக் குடியானவர் ஒருவர் பழுது பார்க்கும் பட்டறைக்காரர் ஒருவரின் வாயிலாக 32,000 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். "பேப்பரெல்லாம் பின்னால் வந்துவிடும், அண்ணே" என்றார் விற்றவர். வாங்கியவர் எட்டு மாதம் ஓட்டினார். இரண்டு டயர்களையும் மாற்றினார். ஒரு நாள் காலையில் காவலர்கள் வந்து, இது வேறு மாவட்டத்தில் திருட்டுப்போன வண்டி என்று சொல்லி அதனை எடுத்துச் செல்கின்றனர். அக்குடியானவருக்கு மூன்று கேள்விகள் எழுகின்றன. வண்டி யாருக்கு உரியது? நான் குற்றவாளியா? என் பணம் என்ன ஆவது? மூன்றாவது கேள்வியே அவர் நெஞ்சில் முதலில் நிற்கும். ஆயினும் சட்டம் முதற் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு விடை தெரியாமல் மூன்றாவதற்கு விடை காண முடியாது.

வண்டி யாருக்கு உரியது?

1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இதற்கு நேரடியாக விடை கூறுகிறது. பொருளுக்கு உரியவர் அல்லாத ஒருவர், உரியவரின் அனுமதியும் இல்லாமல் அதனை விற்றால், விற்றவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அதற்கு மேல் வாங்கியவருக்கு உரிமை வருவதில்லை. திருடனுக்கு வண்டியில் உரிமை ஏதும் இல்லை. ஆகவே அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை. அவரிடமிருந்து வாங்கிய அடுத்தவருக்கும் இல்லை. பத்துக் கை மாறினாலும் வண்டி முதல் உடையவருக்கே உரியது. முழு விலை கொடுத்தேன், நல்லெண்ணத்தோடு வாங்கினேன், ஊரறிய வாங்கினேன் என்பவை வாங்கியவரைக் குற்றத்தினின்றும் காக்கும். வண்டியை அவருக்கு ஆக்கித் தரமாட்டா.

ஊரறிய வாங்கினேன் என்னும் வாதத்திற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஒரு விதி இருந்தது. பகிரங்கமான சந்தையில், சந்தை வழக்கப்படி, நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு அப்பொருள் திருட்டுப் பொருளாயினும் சொந்தமாகிவிடும். நம் மாட்டுச் சந்தைகளில் நூறு பேர் பார்க்கத் துண்டின் அடியில் விரல் பிடித்து விலை பேசுபவருக்கும் இத்தகைய எண்ணமே இருக்கிறது. ஆனால் இந்தியச் சட்டம் அந்த விதியை ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கிலாந்தும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதனை நீக்கிவிட்டது. ஆகவே சந்தையில் வாங்கினாலும், சாலையோரத்தில் வாங்கினாலும், இணையத்தில் விளம்பரம் பார்த்து வாங்கினாலும் இவ்வகையில் வேற்றுமை இல்லை.

பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி. புத்தகத்தில், தம் பெயர் ஏறிவிட்டதே என்று சிலர் கேட்பர். பதிவு என்பது சாலையில் வண்டி ஓட்டுவதற்காக அரசாங்கம் வைத்திருக்கும் கணக்கு. நிலத்திற்குப் பட்டா இருப்பது போன்றது. உரிமைக்கு அது ஒரு சான்றாகலாமே ஒழிய, இல்லாத உரிமையை உண்டாக்காது. பொய்யான பத்திரங்களைக் காட்டிப் பெறப்பட்ட பதிவு என்று தெரிந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி பதிவு அதிகாரி அதனை ரத்து செய்யலாம்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. அதனை அறிந்திருப்பது நன்று. உடையவரே மனமொப்பி வண்டியை ஒருவரிடம் விற்றிருக்கிறார். ஆனால் அந்த மனிதர் பணமில்லாத காசோலையைக் கொடுத்து அவரை ஏய்த்துவிட்டார். ஏய்த்தவர் அவ்வண்டியை நமக்கு விற்கிறார். இது திருட்டு அன்று, வஞ்சனை. முதல் உடையவர் தம் விற்பனையை ரத்து செய்வதற்கு முன்பாக, குறை ஏதும் அறியாமல் நல்லெண்ணத்தோடு நாம் வாங்கியிருந்தால், 29ஆவது பிரிவின்படி வண்டி நமக்கே உரியதாகலாம். "ஏமாற்றி எடுத்துச் சென்றான்" என்று புகாரில் இருக்கிறதா, "திருடிச் சென்றான்" என்று இருக்கிறதா என்பதை ஆராயாமல் எவரும் வண்டியின் மேலுள்ள உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. வழக்கறிஞரிடம் போகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

உரிமை கோரி வருபவர் எப்போதும் பழைய உடையவராகவே இருப்பார் என்றும் சொல்ல முடியாது. திருட்டுக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்கு இழப்பீடு கொடுத்து முடித்திருந்தால், அவருடைய உரிமை கம்பெனிக்குப் போயிருக்கும். அந்நிலையில், வண்டியைத் தமக்கே ஒரு விலைக்குக் கொடுக்குமாறு வாங்கியவர் கம்பெனியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்கலாம். கொடுத்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம் கம்பெனிக்கு இல்லை.

வாங்கியவர் குற்றவாளியா?

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நியாய சம்ஹிதை 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய 411ஆவது பிரிவில் இருந்த விஷயம் இப்போது 317ஆவது பிரிவில் காணப்படுகிறது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி அதனைப் பெறுவதும் வைத்திருப்பதும் குற்றமாகும். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

"நம்புவதற்குக் காரணம் இருந்து" என்னும் சொற்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்று சொல்வது மட்டும் போதாது. 70,000 ரூபாய் பெறும் வண்டியை 20,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், சாவி ஒன்றுதான் இருந்தது, பதிவுச் சான்று இல்லை, இரவில் கைமாறியது, சேஸிஸ் எண் இருந்த இடத்தில் அரம் தேய்த்த தடம் இருந்தது என்றால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவரைச் சட்டம் கண் திறந்து வாங்கியவராகவே கொள்ளக்கூடும். மேலும், திருட்டு நடந்த சில நாட்களுக்குள் அப்பொருள் ஒருவர் கையில் இருந்து, அது தமக்கு எப்படி வந்தது என்று அவர் விளக்க முடியாமற்போனால், அவர் திருடினார் என்றோ தெரிந்தே வாங்கினார் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் கூறுகிறது. கையில் இருந்த சிலம்பைக் கண்டே கோவலனைக் கள்வன் என்று முடிவு கட்டிய கதையை நாம் எல்லோரும் அறிவோம். இன்றைய சட்டம் அவ்வளவு விரைவதில்லை. விளக்கம் சொல்ல இடம் தருகிறது. ஆனால் விளக்கத்திற்குத் துணையாக ஒரு காகிதமாவது வேண்டும். விற்றவரின் கையெழுத்திட்ட கிரயச் சீட்டு, வங்கி வழியாகப் பணம் கொடுத்த கணக்கு, பேச்சு நடந்த நாட்களின் கைப்பேசிச் செய்திகள், உடனிருந்த இருவரின் பெயர் ஆகியவை அவ்வகைத் துணைகளாம்.

அறியாமல் வாங்கியவர் குற்றவாளி ஆகும் இடமும் ஒன்று உண்டு. வாங்கிய சில மாதங்களுக்குப் பின் ஐயம் பிறக்கிறது. பட்டறையில் எண்ணைப் பார்த்தவர் தலையை ஆட்டுகிறார். அப்பொழுது, போட்ட பணமாவது வரட்டும் என்று வேறொருவர் தலையில் வண்டியைக் கட்டிவிடுவோர் இருக்கின்றனர். நல்லெண்ணத்தோடு வாங்கியவரே அந்த ஒரு செயலால் வஞ்சனைக் குற்றத்திற்கும், திருட்டுப் பொருளை மறைக்க உதவிய குற்றத்திற்கும் உள்ளாகிறார். உதிரி உதிரியாகப் பிரித்து விற்பதும் அத்தகையதே. தெரிந்த பின் வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்தே. 317ஆவது பிரிவு பெறுவதை மட்டுமன்றி வைத்திருப்பதையும் சொல்கிறது.

வண்டியை ஒப்படைக்கும்போது

ஐயம் உறுதிப்பட்டால் காவலர் வரும்வரை காத்திராமல் தாமே சென்று எழுத்து மூலம் தெரிவிப்பது சிறந்தது. காவலர் வந்துவிட்டால் தடுத்தல் வேண்டா. திருட்டுப் பொருள் என்று ஐயப்படும் பொருளைக் கைப்பற்ற அவர்களுக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 106ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் வெறுங்கையோடு வண்டியை அனுப்பிவிடக் கூடாது. கைப்பற்றிய மகஜரின் நகல், அதில் வண்டியின் எஞ்சின் எண், சேஸிஸ் எண், வண்டி இருந்த நிலை, எந்த நிலையத்தின் எந்தக் குற்ற எண்ணுக்காக எடுக்கப்படுகிறது என்பது ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். பின்னர் நிகழும் ஒவ்வொரு காரியத்துக்கும் அந்தக் குற்ற எண்ணே திறவுகோல்.

அன்றே செய்ய வேண்டிய மற்றொரு காரியம், தமக்கு விற்றவர்மேல் தாமே ஒரு புகார் கொடுப்பதாகும். இதனைப் பலர் செய்வதில்லை. வண்டிக்காரர் கொடுத்த புகார்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் புகாரில் பாதிக்கப்பட்டவர் அவர்; நாம் வெறும் சாட்சி, சில வேளைகளில் அதற்கும் கீழே. நம் பணத்தை ஏமாற்றிப் பறித்தது வேறொரு குற்றம். அது 318ஆவது பிரிவில் வரும் வஞ்சனை. அதன் கடுமையான வகைக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நிலையத்தில் புகாரை ஏற்காவிட்டால், அதன் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதனாலும் பயன் இல்லையெனில் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுச் செய்யலாம். சமுதாயப் பணிப் பதிவேட்டில் பதிந்து கொடுக்கும் ரசீதை மட்டும் பெற்றுக்கொண்டு, வழக்கு பதிவாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது, இரண்டும் வேறு.

கைப்பற்றிய வண்டி நிலைய வாசலில் மழையிலும் வெயிலிலும் கிடந்து துருப்பிடிப்பதை எல்லோரும் கண்டிருப்போம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் என்னும் வழக்கில் 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. வண்டிகளை நீண்ட நாள் நிலையத்தில் வைத்திருப்பதில் பயனில்லை. தக்க பிணையும் உறுதிமொழியும் பெற்று, படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாஜிஸ்ட்ரேட் உடனடியாக உத்தரவிட வேண்டும் என்று அது கூறியது. இப்போது வழக்கு முடியுமுன் பொருளை ஒப்படைப்பது பற்றி 497ஆவது பிரிவும், விசாரணைக் கட்டத்தில் 503ஆவது பிரிவும் பேசுகின்றன. வாங்கியவரும் மனுச் செய்யலாம். ஆனால் பதிவு பெற்ற உடையவர் எதிரில் நிற்கும்போது வண்டி அவரிடமே போவது இயல்பு. உடையவர் யாரென்று தெரியாத வண்டியில் நிலைமை வேறு. மாஜிஸ்ட்ரேட் அறிவிப்புச் செய்து ஆறு மாதம் பார்ப்பார். யாரும் உரிமையை நிலைநாட்டவில்லை, வைத்திருந்தவரோ தாம் முறையாகப் பெற்றதைக் காட்ட முடியவில்லை என்றால்தான் வண்டி அரசாங்கத்தைச் சேரும். முறையாக வாங்கியதற்குக் காகிதம் உள்ளவர் அங்கே தம் மனுவை வலியுறுத்தலாம்.

பணத்தைத் திரும்பப் பெறுதல்

வண்டி போய்விட்டது. வாங்கியவருக்கு எஞ்சியிருப்பது விற்றவர் மீதுள்ள உரிமையே. அவ்வுரிமை மிக வலிவானது என்பதைக் குடியானவர்கள் அறிய வேண்டும்.

சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, விற்கும் உரிமை தமக்கு உண்டு என்ற உறுதியை விற்பவர் ஒவ்வொருவரும் சொல்லாமலே கொடுத்தவராகிறார். கிரயச் சீட்டில் ஒரு வரியும் இல்லாவிட்டாலும் அது இருப்பதாகவே சட்டம் கொள்ளும். விற்றவரும் அறியாமல் விற்றிருக்கலாம். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம். அதனால் அவருடைய பொறுப்பு நீங்குவதில்லை. அவர் நமக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டுத் தமக்கு விற்றவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வாறு படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று கடைசியில் நட்டம் திருடனிடம் போய் நிற்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். திருடனிடம் ஒன்றும் இராது. ஆகவே நடைமுறையில் அவனிடம் முதலில் வாங்கியவர் தலையிலேயே அது விடிகிறது. அவர் ஆராயாமல் வாங்கியதற்கு அது விலை என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். எனினும் வேறு யார் தலையில் வைப்பது?

இங்கிலாந்தில் 1922ஆம் ஆண்டு நடந்த ஒரு விற்பனை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ரோலண்டு என்னும் மோட்டார் வியாபாரி டிவால் என்பவரிடம் ஒரு காரை 334 பவுண்டுக்கு வாங்கி, வண்ணம் பூசி, ஒரு ராணுவ கர்னலுக்கு 400 பவுண்டுக்கு விற்றார். சில மாதங்களில் அது திருட்டுக் கார் என்று போலீஸார் எடுத்துச் சென்றனர். ரோலண்டு கர்னலுக்கு 400 பவுண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு டிவால் மேல் வழக்குத் தொடர்ந்தார். இத்தனை மாதம் காரை ஓட்டி அனுபவித்திருக்கிறீர்களே, அதற்குக் கழிக்க வேண்டாவா என்பது எதிர்வாதம். 1923இல் மேல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வாங்கியவர் பணம் கொடுத்தது காரை ஓட்டிப் பார்ப்பதற்காக அன்று, காருக்கு உரியவர் ஆவதற்காக. அந்த உரிமையில் அணுவளவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே 334 பவுண்டும் முழுமையாகத் திரும்ப வேண்டும் என்பது தீர்ப்பு. 1949இல் மற்றொரு வழக்கில், திருட்டுத் தட்டச்சுப் பொறி ஒன்றை அறியாமல் வாங்கிப் பழுது பார்த்த பெண்மணிக்கு, விலையோடு பழுது பார்த்த செலவும் கிடைத்தது. இத்தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆனால் நம் 1930ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி எழுதப்பட்டதாகலின், இவை இங்கும் எடுத்துக் காட்டப்படுகின்றன. குன்னத்துக் குடியானவர் எட்டு மாதம் ஓட்டியதைச் சொல்லி விற்றவர் குறைத்துப் பேசினால், மயங்க வேண்டுவதில்லை. இரண்டு டயர்களின் ரசீதையும் சேர்த்துக் கேட்கலாம்.

கேட்பது எங்கே? முதலில் ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் ஒரு நோட்டீஸ். வழிக்கு வராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இக்காலத்தைக் கடத்திவிடுவது நம்மவர்களிடம் காணும் பெருந்தவறு. இரண்டு வழக்குகளும் ஒருங்கே நடக்கலாம். விற்றவர் சொத்தைக் கைமாற்றிவிடுவார் என்று அஞ்சினால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கவும் வழி உண்டு. பணமில்லாதவர் மேல் பெற்ற டிக்ரி பெட்டியில் கிடக்கும் காகிதமே. ஆகவே யாரிடம் வீடும் நிலமும் உண்டு, யார் ஊரில் நிலையாக இருப்பவர் என்று பார்த்து வழக்கிடுவது அறிவுடைமை. தரகர் விஷயத்தில் ஒரு வேற்றுமை உண்டு. இருவரையும் சேர்த்து வைத்துக் கூலி மட்டும் வாங்கியவர் விற்றவராகமாட்டார். பணத்தைத் தாமே பெற்றுக்கொண்டு தம் வண்டி போலப் பேசி விற்றவர் அப்பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

பழைய வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்ட கடையில் வாங்கியிருந்தால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் எளிய வழி. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. தம் சொந்த வண்டியை ஒரு முறை விற்ற தனி மனிதரை இந்த ஆணையத்திற்கு இழுக்க இயலாது.

இனி, பெரும்பாலோர் கேள்விப்படாத இரண்டு வழிகளைச் சொல்ல வேண்டும். இவை குற்ற வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே கிடைப்பவை. தனி வழக்குக்குச் செலவு வேண்டுவதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 499ஆவது பிரிவு அறியாமல் வாங்கியவருக்காகவே எழுதப்பட்டது. திருட்டுக்காகவோ திருட்டுப் பொருளைப் பெற்றதற்காகவோ ஒருவன் தண்டிக்கப்படுகிறான். அவனிடமிருந்து நாம் அறியாமல் வாங்கினோம் என்பது நிரூபணமாகிறது. கைதானபோது அவனிடமிருந்து பணமும் எடுக்கப்பட்டிருக்கிறது. வண்டி உடையவரிடம் சேர்ந்த பின், நாம் கொடுத்த விலைக்கு மேற்படாத தொகையை அந்தப் பணத்திலிருந்து நமக்குக் கொடுக்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். உத்தரவிட்ட ஆறு மாதத்திற்குள் கொடுக்க வேண்டும். மற்றொன்று 395ஆவது பிரிவு. குற்றவாளிக்கு விதிக்கும் அபராதத்திலிருந்து, நல்லெண்ணத்தோடு வாங்கிப் பொருளை இழந்தவருக்கு ஈடு கொடுக்க அது இடமளிக்கிறது. முதல் வழியில், வாங்கியவர் மனுச் செய்தாலன்றி நீதிமன்றம் உத்தரவிடாது. இரண்டாவதிலும் கேட்டு வைப்பதே பாதுகாப்பு. தீர்ப்பு நாளில் வாங்கியவர் ஊரில் களையெடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் பணம் வேறு வழியிற் போய்விடும். ஆகவே சாட்சி சொல்லப் போகும் நாளிலேயே அரசு வழக்கறிஞரைக் கண்டு இவ்விரு பிரிவுகளையும் எண்ணிட்டுச் சொல்லி, மனுவையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வழக்கறிஞர் வைக்க இயலாதவர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலும், ஏனையோருள் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச உதவி உண்டு. 15100 என்பது அதற்குரிய தொலைபேசி எண். விற்றவரும் உள்ளூர்க்காரராக இருந்து, அவரும் ஏமாந்தவரே என்றால், லோக் அதாலத்தில் தவணை பேசி முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பஞ்சாயத்தார் கவனத்திற்கு

இத்தகைய விவகாரம் முதலில் வந்து சேர்வது பஞ்சாயத்து உறுப்பினரின் திண்ணைக்குத்தான். வண்டியைக் கொடுத்துவிடு, பாதிப் பணம் வாங்கித் தருகிறோம், போலீஸ் வேண்டா என்று பேசி முடிக்கும் ஆசை எழுவது இயற்கை. முற்காலத்தில் தென் மாவட்டங்களில் மாடு திருட்டுப்போனால், துப்புச் சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பல வேளைகளில் துப்புச் சொன்னவருக்கும் திருடியவருக்கும் உறவு இருந்தது என்பது வேறு விஷயம். அந்த வழக்கத்தைக் குற்றமாக்கும் பிரிவு 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 215ஆக இருந்தது. இன்று 252ஆவது பிரிவாக நிற்கிறது. குற்றவாளியைப் பிடித்துத் தண்டிக்கத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்யாமல், திருட்டுப் பொருளை மீட்டுத் தருவதாகக் கூலி பெறுபவர் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு உள்ளாவார். நல்லது செய்யப் புகுந்த பெரியவர் இதில் சிக்கக் கூடாது. அவர் செய்யத்தக்கது, வாங்கியவரோடு நிலையத்திற்குச் செல்வதும், விற்பனை நடந்ததைத் தாம் கண்டிருந்தால் அதைச் சாட்சியாகச் சொல்வதும் ஆகும். விலையைத் திருப்பிக் கொடுப்பது பற்றி விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே சமரசம் பேசலாம். அது பணத் தகராறு. திருட்டைப் பற்றிச் சமரசம் பேசும் உரிமை பொருளின் உடையவருக்கே உண்டு, பஞ்சாயத்துக்கு இல்லை.

வாங்குமுன்

பதிவு எண்ணில் 46 என்றிருந்தால் பெரம்பலூர், 61 என்றிருந்தால் அரியலூர். உள்ளூர் எண் என்பதனால் உள்ளூர் வண்டி என்று நம்பிவிட வேண்டா. ஓடுகின்ற நல்ல வண்டி ஒன்றின் எண்ணை அதே நிறமுள்ள திருட்டு வண்டிக்கு எழுதிவிடுவது திருடர்களின் பழைய உபாயம். பலகையில் உள்ள எண் யாரும் எழுதக்கூடியது. சட்டத்தில் அடித்துள்ள சேஸிஸ் எண்ணே வண்டியின் உண்மைப் பெயர். ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் விழும். எழுத்துகள் ஏறியும் இறங்கியும் இருந்தாலோ, சுற்றிலும் புது வண்ணம் இருந்தாலோ பணத்தை எடுக்கக் கூடாது. எண்ணை அடிக்கும்போது கீழுள்ள இரும்பும் அழுந்திப்போவதால், மேலே அராவி எடுத்த பின்னும் அமிலத்தைக் கொண்டு தடய அறிவியல் நிபுணர்கள் பழைய எண்ணை வெளிப்படுத்திவிடுவார்கள். மாட்டின் சூட்டுக்குறி மயிருக்கு அடியிலும் தெரிவது போன்றதே இது. டிராக்டர் வாங்குவோர், இழுவைப் பெட்டிக்குத் தனிப் பதிவு உண்டு என்பதையும் மறவாமல் அதன் சான்றையும் பார்க்க வேண்டும்.

அரசாங்கத்தின் போக்குவரத்து இணையப் பதிவில் வண்டி எண்ணைக் கொடுத்து விவரம் காணலாம். தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையிலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சேவையிலும் வண்டி திருட்டுப்போனதாகப் பதிவாகியுள்ளதா என்று தேடலாம். பொதுச் சேவை மையத்தில் உள்ளவர் இதனைச் செய்து கொடுப்பார். வெளிமாநில வண்டியானால் தடையில்லாச் சான்று கட்டாயம். அதனை வழங்குமுன் திருட்டு வழக்கு ஏதும் இல்லை என்று பதிவு அதிகாரி போலீஸாரிடம் எழுத்து மூலம் அறிக்கை பெற வேண்டும் என்று 48ஆவது பிரிவு விதிப்பதால், அச்சான்று ஒரு காவல் போன்றது. பழைய வண்டி விற்கும் கடைக்காரர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறும் முறை 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டா.

மிகப் பெரிய தீங்கு, யாரோ எப்போதோ கையெழுத்திட்டுத் தேதியின்றி விட்ட 29, 30ஆம் எண் படிவங்களோடு வண்டி கைமாறுவதாகும். அந்தக் கையெழுத்துக்காரரை நாம் பார்த்ததே இல்லை. அவர் உண்டா, இல்லையா என்பதும் தெரியாது. இது விற்பவருக்கும் கேடு. 2009ஆம் ஆண்டு நடந்த ஒரு விபத்தில், காரை முன்னரே விற்றுவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்தக் கார் அதற்குள் பல கை மாறியிருந்தது. பதிவுச் சான்றில் பெயருள்ளவர் நேரில் வர வேண்டும். அவருடைய அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். பணம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்திற்குக் கொடுத்துவிட வேண்டும். கிரயச் சீட்டு எழுதும்போது, சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளை அதன் பின்னால் ஒட்டி, அந்தத் தாளின்மேலும் விற்பவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்க.